தனித் தட்டு வேண்டாம்



கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். பேர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன்னே, கிராம சுகாதாரச் செவிலியரோடு அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மகன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். அவர் காலமாகி மூன்று மாதம். மருமகள் அடுப்படி மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு, தனியாக ஒரு டம்ளர்.

"ஏம்மா, இவங்களுக்கு மட்டும் தனித் தட்டு?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"நல்லாத்தான் பாத்துக்கிறோம் சார். வேளாவேளைக்குச் சோறு போடுறோம். வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்குல்ல, அதான்" என்றார்.

அந்த அம்மா பொல்லாதவர் அல்ல, பயந்தவர். அந்தப் பயத்தை ஊட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. 1990களில் நாங்கள் மண்டை ஓடு வரைந்த தட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், 'எய்ட்ஸ் உயிர்க்கொல்லி' என்று பேசினோம். பயமுறுத்தினால் வியாதி ஓடிவிடும் என்று நினைத்தோம். வியாதி ஓடவில்லை. வியாதி உள்ளவர்தான் ஓடி ஒளிந்தார். அந்த ஜீப் டிரைவரும் அப்படித்தான். "தெரிஞ்சவங்க பாத்துருவாங்க" என்று பரிசோதனைக்கே போகவில்லை. முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தில் வியாதியைவிட, ஒதுக்கிவைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

ஒதுக்கலை அளந்தவர்கள் யார்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், நமது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அதன்பின் பல வருஷங்கள், பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் பேசினார்கள், எழுதினார்கள். 1994ல் பாரிஸ் மாநாட்டில், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களையும் இந்தப் பணியில் முழுமையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று 42 நாடுகள் ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் 1997ல் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு உருவானது. 1998ல் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டும் சென்னையில் பிறந்தவை.

2008ல், எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் உலக அமைப்புகளும் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பும் சேர்ந்து, ஒதுக்கலை அளக்கும் ஆய்வு ஒன்றைத் தொடங்கின. இதுவரை 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அது நடந்திருக்கிறது. இதில் கேள்வி கேட்பவரும் எச்.ஐ.வி. உள்ளவர், பதில் சொல்பவரும் எச்.ஐ.வி. உள்ளவர். கேட்பவருக்கு முதலில் பயிற்சி தருவார்கள். எதிரே அதிகாரி போல உட்காராமல், பக்கத்தில் உட்கார்ந்து, தாளை இருவரும் பார்க்கும்படி வைத்து நிரப்புவார்கள். சம்மதம் கேட்ட பிறகே ஆரம்பிப்பார்கள். பேர் எழுதுவதில்லை, எண் மட்டுமே.

இப்படி ஏன் செய்ய வேண்டும்? நான் போய், "உங்களை யாராவது ஒதுக்கினார்களா?" என்று கேட்டால், அந்த மருமகள் "இல்லீங்க சார், எல்லாரும் நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றுதான் சொல்லுவாள். அதே பாட்டைப் பட்டவள் கேட்டால், தட்டைப் பற்றிச் சொல்லுவாள்.

என்னென்ன கேட்டார்கள்?

கடந்த ஒரு வருஷத்தில் விசேஷ வீட்டுக்கு உங்களைக் கூப்பிடாமல் விட்டார்களா? முதுகுக்குப் பின்னால் பேசினார்களா? வேலை போயிற்றா? ஆஸ்பத்திரியில் கவனிக்க மறுத்தார்களா? உங்கள் சம்மதமில்லாமல் விஷயத்தை வெளியே சொன்னார்களா? பிள்ளை பெற்றுக்கொள்ளாதே என்று சுகாதாரப் பணியாளர் யாராவது சொன்னார்களா?

கடைசிக் கேள்வி, எங்களைப் போன்றவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி. வெட்கத்தோடுதான் படித்தேன்.

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. நீங்களே உங்களை வெறுத்தீர்களா? யாரும் சொல்லாமலே நீங்களாக ஒதுங்கிக்கொண்டீர்களா? ஊர் ஒதுக்குவது பாதி என்றால், மனசுக்குள்ளேயே ஒதுங்குவது மீதி.

பெண்கள் படும் பாடு தனி. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006ல் வெளிவந்தது. அதில், எச்.ஐ.வி. உள்ள விதவைகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவர்கள், கணவர் இறந்தபின் புகுந்த வீட்டில் வசிக்கவில்லை. 80 பேர் வரை கணவர் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டவர்கள். அவர்களில் அநேகருக்குக் கிருமி வந்தது கணவரிடமிருந்துதான். ஆனால் பழி வந்தது மருமகள் தலையில்.

வியாதியைப் பற்றி நான்கு உண்மைகள்

1. ஒரே தட்டில் சாப்பிடுவதால், தொடுவதால், துணி துவைப்பதால், கொசுக்கடியால் எச்.ஐ.வி. பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளில்தான் பரவும்.

2. 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல நெடுநாள் வாழலாம்.

3. மருந்தால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைவருக்குப் பரவாது. அந்த நிலையை டாக்டர் உறுதி செய்யும்வரை ஆணுறை அவசியம்.

4. சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து பாதிக்கப்படலாம். தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்து கொடுத்தால் இது 5க்கும் கீழே வந்துவிடும். ஆகவே 'உனக்குப் பிள்ளையே கூடாது' என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

நம் பக்கத்தில் தொழுநோய்க்காரரை ஊருக்கு வெளியே வைத்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆண்டிபட்டியில் ஆரோக்ய அகம் தொழுநோய், காசநோய், பிறகு எச்.ஐ.வி. என்று வரிசையாகப் பார்த்தது. வியாதிதான் மாறியது, ஒதுக்கும் குணம் ஒன்றேதான். தொழுநோய்க்கு மருந்து வந்ததும் மனசு மெதுவாக மாறியது. இதிலும் மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதையும் மறுக்கக்கூடாது. சம்மதமில்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது; முடிவை வெளியில் சொல்லவும் கூடாது.

தம்பதியரே, நீங்கள் செய்யவேண்டியவை

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வேலைக்குப் போய் வருபவர்கள் நம்மில் அதிகம். லாரியில் போகிறவர்களும் உண்டு. வெளியூர் போகிறவர் என்பதற்காக யாரையும் சந்தேகிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் சண்டையும் வேண்டாம். இருவரும் சேர்ந்து நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். கர்ப்பம் தெரிந்தவுடன் மனைவியோடு கணவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகிச்சைக்கு, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. பேச்சுத் துணை வேண்டுமானால் 1097க்குக் காசில்லாமல் போன் போடலாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பேசிப் பாருங்கள்

நம் தெருவில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று காதில் விழுந்தால், அந்தப் பேச்சு நம்மோடு நிற்குமா, அடுத்த வீட்டுக்குப் போகுமா?

நம்மில் ஒருவருக்கே வந்தால், முதலில் யாரிடம் சொல்வோம்? அவர் நம்மை எப்படி நடத்தவேண்டும் என்று விரும்புவோம்?

அந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நானும் செவிலியரும் அந்த மருமகளின் டம்ளரை வாங்கி, அதிலேயே தண்ணீர் குடித்தோம். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது டம்ளர் மற்ற டம்ளர்களோடு அடுக்கியிருந்தது. தட்டு மட்டும் இன்னும் தனி. பாதி வழி வந்துவிட்டார். மீதி வழிக்கு நாம் எல்லோரும் கூட நடக்க வேண்டும்.

வியாதிக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது.
ஒதுக்கலுக்கு மருந்து நம் வீட்டில் இருக்கிறது.