டில்லிக் கோடையும் தகரக் கூலரும்

ஹோலிப் பண்டிகை கழிந்து, வேப்பமரங்கள் பழைய இலைகளை உதிர்த்துத் துளிர்விடத் தொடங்கும் சமயத்தில், டில்லியில் குடியிருக்கும் நடுத்தரக் குடும்பஸ்தனுக்கு முதலில் நினைவுக்கு வருவது, சன்னலுக்கு வெளியே சாக்குப் போர்வைக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்ட கூலர்தான். வெட்டிவேர்த் தட்டிகளில் ஜலம் தெளித்து அறையைக் குளிர்விக்கும் முறையைப் பற்றி அக்பர் காலத்து அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். அந்தத் தட்டிகளை மூன்று பக்கமும் நிறுத்தி, நடுவே ஒரு விசிறியும், கீழே ஒரு தொட்டியும், ஜலத்தை மேலேற்ற ஒரு சிறு பம்பும் வைத்துவிட்டால் அதுவே கூலர். இத்தனை எளிய யந்திரத்தில் பழுதாவதற்கு அதிகம் இல்லை. பல கோடைகளை இதனோடு கழித்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம், கூலருக்கு நேரும் வியாதிகளில் முக்கால் பங்கு, தொட்டியில் வேண்டாத காலம் தங்கிவிட்ட ஜலத்தினால் நேர்பவை என்பதே.

மரச்சீவல் அடைத்த தட்டிகளாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது உத்தமம். தேன்கூடு போன்ற அட்டைத் தட்டிகள் இரண்டு மூன்று பருவம் தாங்கும். புதுச் சீவலில் முதல் நாள் இறங்கும் ஜலம் தேநீர் நிறத்தில் இருக்கும். விசிறியைப் போடாமல் பம்பை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்த ஜலத்தைக் கொட்டிவிடவேண்டும். பிறகு ஒவ்வொரு தட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். எங்கேனும் உலர்ந்த திட்டு அகப்பட்டால், அதற்கு நேர் மேலே தகரக் குழாயின் துவாரம் அடைத்திருக்கிறது என்று அறியலாம். ஒரு ஈர்க்குச்சி போதும், அடைப்பு நிவர்த்தியாகிவிடும். சீவல் அமுங்கி மேல்விளிம்பில் விரற்கடை இடைவெளி விழுந்திருந்தாலும், வெளியே வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்று அந்த வழியே நனையாமல் அறைக்குள் புகுந்துவிடும்.

இனி ஜலத்தின் சமாசாரம். ஆவியாய்ப் போவது ஜலம் மட்டுமே. அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போகிறவர், தம்மை அறியாமல் நாளுக்கு நாள் உப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். ஆழ்துளைக் கிணற்று ஜலமானால் சில வாரங்களிலேயே தட்டிகள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து விறைத்துவிடும்; பம்பின் வாயும் சுருங்கிவிடும். ஆகவே மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை பாதித் தொட்டியைத் திறந்துவிட்டுப் புது ஜலம் சேர்ப்பதும், வாரத்துக்கு ஒரு முறை முழுவதும் காலிசெய்வதும் வீண்செலவல்ல. திறந்துவிட்ட ஜலத்தால் வாசலைக் கழுவலாம். ஏற்கெனவே படிந்துவிட்ட உப்புக்கு வினிகரில் ஊறிய துணி போதும். கழிப்பறை அலம்பும் அமிலத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது உப்போடு தகரத்தையும் தின்றுவிடும்.

வாரந்தோறும் காலிசெய்வதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1996-இல் டில்லியை டெங்கு ஜுரம் ஆட்டிவைத்தபோது நானூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தக் கொசுவுக்குப் பிரியமான பிரசவ அறைகளில் கூலர்த் தொட்டியும் ஒன்று. ஜலமட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போகும். முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் உயிர் போகாது. ஆதலால் ஜலத்தைக் கொட்டினால் மட்டும் தீராது, முரட்டுத் தூரிகையால் நான்கு சுவர்களையும் தேய்க்கவேண்டும். நகராட்சிப் பரிசோதகர் அபராதச் சீட்டோடு வருவார் என்ற பயத்தினாலாவது செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் நல்லதே.

தொட்டியில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடவேண்டும். தகரமும் ஜலமும் மின்சாரமும் ஒரே இடத்தில் கூடுவதால், எர்த் சரியில்லாத வீட்டில் கூலரைத் தொட்டு உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி கோடைதோறும் வடநாட்டுப் பத்திரிகைகளில் வருகிறது.

மே மாதத்தில் 43 டிகிரி உஷ்ணத்தில், காற்றில் ஈரம் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் பகலில், நல்ல கூலர் 28, 29 டிகிரிக் காற்றைத் தரும். எதிர்ச் சன்னலைச் சிறிது திறந்துவைத்தால்தான் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனெனில் உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழி தேடும். ஜூன் கடைசியில் பருவமழை வந்ததும் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. அப்போது பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுவதே விவேகம். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள், “இதைப்போல் ஒன்று எங்களுக்கும் வாங்கிக்கொண்டு போகட்டுமா?” என்று கேட்கையில், கடற்கரை ஊருக்கு இது பிரயோஜனப்படாது என்றும், வேலூர்க்காரர் கேட்டால் யோசிக்கலாம் என்றும் சொல்லியனுப்புவேன்.

தீபாவளிக்கு முன் மூட்டை கட்டிவிடலாம். தட்டிகள் உலரும்வரை விசிறியை ஓட்டி, பழைய சீவலை எறிந்து, பம்பைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்து, தொட்டியின் துருவைச் சுரண்டி உள்ளே தார் வர்ணம் ஒரு பூச்சு பூசிவிட்டால், மார்கழிப் பனி தகரத்தை அரிக்காது. வடிகுழாயின் மூடியை மட்டும் திறந்தே விட்டுவைக்கவேண்டும். குளிர்காலத்திலும் ஒன்றிரண்டு மழை பெய்யும் ஊர் இது.