பழைய காரின் கதவு இறங்கினால்: கீல் வேலையில் நான் கற்றவை

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவரிடம் நான் முதலில் விசாரிப்பது இன்ஜினை அல்ல, டிரைவர் பக்கக் கதவை. லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் கதவு லாக்கில் விழுகிறது என்றால், கோளாறு கீல் பக்கம். எங்கள் வீட்டு மார்க் 2 வண்டிக்கும் நண்பர்களின் ஃபியட், ஹெரால்டு வண்டிகளுக்கும் இந்த வேலை நடந்தபோது பட்டறையில் கூடவே நின்றிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியானது ஒன்று: கீலையே மாற்ற வேண்டிய வண்டிகள் குறைவு. பின்னையும் புஷ்ஷையும் சரி செய்தாலே பெரும்பாலான கதவுகள் பழையபடி நிற்கும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. ஃபியட் வழிவந்த பத்மினி அதற்கும் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. கம்பெனிக் கீல் இனி வரப்போவதில்லை. நான் வாங்கிப் பார்த்த டூப்ளிகேட் கீல்களில் திருகுத் துளை அரை நூல் தள்ளியிருந்தது, தகடும் மெலிசு. வண்டியோடு பிறந்த கீலைக் காப்பாற்றுவதே நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

கதவை ஓரடி திறந்து, லாக் பக்க விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து மேல் கீலைப் பார்க்கட்டும். கதவின் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. அதனால் மேல் கீலில்தான் ஆட்டம் முதலில் தெரியும்.

தகட்டுக்குள் பின் ஆடினால் அது லேத் வேலை. பின் ஆடாமல் தகடே பில்லரில் நகர்ந்தால், திருகு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். தகடும் அசையாமல் பில்லர் தகரமே உள்வாங்கி வெளிவாங்கினால், துருவோ விரிசலோ இருக்கிறது. அதை டிங்கர் முடித்த பிறகுதான் கீலைத் தொட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் செய்யும் செலவு வீண்.

தேய்மானம் கொஞ்சம்தானே என்று விடாதீர்கள். இரண்டு கீலுக்கும் இடையே ஓரடி, கதவின் அகலம் மூன்றடி என்று வையுங்கள். மேல் கீலில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால், லாக் பக்கம் கதவு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும். 1950களில் வந்த ஃபியட் 1100 வண்டிகளில் முன் கதவு நடுப் பில்லரில் மாட்டியது, முன்பக்கமாகத் திறக்கும். அந்தக் கதவு இப்படி இறங்கி, ஓட்டத்தில் லாக்கை விட்டால் காற்றே அதை முழுக்கத் திறந்துவிடும். அவ்வகை வண்டியில் இந்த வேலையை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கழற்றும்போது

கழற்றும் முன் கீல் தகட்டைச் சுற்றிக் கூரான ஊசியால் பில்லரில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. கதவு அதிகம் திறக்காமல் பிடிக்கும் பட்டையை முதலில் விடுவியுங்கள். கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன்மேல் மரக்கட்டை, அதன்மேல் பழைய துணி என்று முட்டுக் கொடுங்கள்.

திருகுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினால் திருகின் தலை வழுக்கிப்போகும். சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர்தான் இதற்குச் சரி. பல பழைய வண்டிகளில் திருகு பிடிக்கும் மரைத் தகடு பில்லருக்குள் தளர்வாக இருக்கும். எல்லாத் திருகையும் ஒரே நேரத்தில் எடுத்தால் அது உள்ளே விழுந்துவிடும். கடைசித் திருகை எடுக்கும் முன், காலியான துளையில் ஒரு நீளத் திருகை மாட்டி அந்த மரைத் தகட்டைப் பிடித்து வையுங்கள்.

லேத்தில்

எங்கள் நாமக்கல் வட்டாரத்தின் பலம் இங்கேதான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வேலைகள் என்று இருப்பதால், பின்னுக்கு அளவு எடுத்துப் புஷ் கடைவது இங்குள்ள லேத்துகளுக்குத் தினசரி வேலை. கீலைக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஏனுங்க, ரெண்டு தகட்டையும் சேர்த்தே கொண்டாங்க. தனித்தனியா ரீமர் ஓட்டுனா நேர் வராதுங்க.”

சில கீல்களில் பின்னின் ஒரு முனை ரிவெட் போலத் தட்டி விரிக்கப்பட்டிருக்கும். அதை அராவிவிட்டுத்தான் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். எடுத்த பின்னின் நடுவில் அளவு பார்க்காதீர்கள். தேயாத முனையில் வெர்னியர் வைத்தால்தான் அசல் அளவு கிடைக்கும். துளை வட்டம் போய் முட்டை வடிவில் இருந்தால், இரு தகட்டையும் சேர்த்துப் பிடித்து ரீமர் ஓட்டி வட்டமாக்க வேண்டும். தகட்டில் சதை இருந்தால் கன்மெட்டல் புஷ் அடிக்கலாம். சதை குறைவென்றால் புஷ் வேண்டாம். சற்றுப் பருத்த பின் போதும். பின் கையழுத்தத்தில் இறங்க வேண்டும், இறங்கிய பின் ஆடக் கூடாது.

தகட்டில் விரிசல் இருந்தாலோ, துரு தின்று மெலிந்திருந்தாலோ மட்டும் வேறு கீல் தேடுங்கள். காயலான் கடையில் எடுக்கும்போது இடமா வலமா, மேலா கீழா, எந்த மார்க் வண்டி என்று பழைய கீலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எடுங்கள்.

சந்துக்குள் மரக்கட்டை கொடுத்துக் கதவை அழுத்தி நிமிர்த்துவது, பின்னை வெல்டு வைத்துவிடுவது என்று குறுக்கு வழிகள் உண்டு. இரண்டும் வேண்டாம். முதலாவதில் தேய்ந்த பின் தேய்ந்தபடியே இருக்க, பில்லர் வளையும். இரண்டாவதில் அடுத்த முறை பிரிக்கவே முடியாது.

மாட்டும்போது

பில்லரில் லாக்கைப் பிடிக்கும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டுக் கதவை மாட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்து, கீல் சரியாக இருப்பது போலக் காட்டும். திருகுகளைப் பாதி இறுக்கி, கதவைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே தடிமனுள்ள அட்டையை விட்டு இடைவெளியைச் சரிபாருங்கள். ஒத்துவந்த பிறகு முழுக்க இறுக்குங்கள். ஸ்ட்ரைக்கர் அதற்குப் பின், பீடிங் ரப்பர் கடைசியில். புது ரப்பர் சில வாரம் கதவை இறுக்கமாகத்தான் வைத்திருக்கும். அதைப் பார்த்துக் கீலைத் திரும்ப அவிழ்க்க வேண்டாம்.

அதன் பிறகு

நம் பக்கத்துப் புழுதியில் திறந்த கீலுக்குக் கெட்டிக் கிரீஸ் ஆகாது. மண்ணைப் பிடித்துவைத்து அதுவே பின்னை அறுக்கும். மாதம் ஒரு முறை துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். தண்ணீர் தேங்கினால் கதவின் அடித்தகடு துருப்பிடித்துப் போகும். பெரியவர்கள் இறங்கும்போது கதவில் பாரம் போட்டு எழுந்திருப்பார்கள். அவர்களுக்கு நம் கையைக் கொடுத்துப் பழக்குங்கள். அவர்களுக்கும் பத்திரம், கீலுக்கும் ஆயுள்.

வேலை முடிந்ததும் பின்னின் விட்டம், புஷ்ஷின் அளவு, எந்த லேத்தில் கடைந்தது என்பதை எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். நமக்குப் பிறகு இந்த வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கு அந்தச் சீட்டு ஒரு ஜோடிக் கீலை விடப் பெரிய உதவி.