வெயிலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி: புதிய பயிற்சியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொதுத்தேர்வு முடிந்த கையோடு கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத்து மைதானங்கள் களைகட்டிவிடும். கபடி, கால்பந்து, தடகளம் என்று கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் தொடங்கும். அதே நாட்களில்தான் கத்திரி வெயிலும் கொளுத்தும். மாநிலத்தில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயரை அடிக்கடி பார்க்கிறோம்.

பள்ளியில் புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர், ஊர்க் கபடிக் குழுவைப் பழக்கும் அண்ணன், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு மாலையில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லித்தருபவர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி. இதன் அடிப்படை ஒன்றுதான்: ஓடுகிற பிள்ளை தானாக நிற்காது, நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

## முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

ஓடும்போது தசைகளில் உண்டாகும் சூட்டை உடம்பு பெரும்பாலும் வியர்வை மூலமாகத்தான் வெளியேற்றுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது ஆவியாகாமல் வழிந்தோடும். சூடு உள்ளேயே தங்கிவிடும். பழவேற்காடு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இதுதான் சிக்கல். கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெப்பநிலை சில டிகிரி இறங்கும், ஆனால் ஈரம் ஏறிவிடும். எனவே, ‘இன்றைக்கு 36 டிகிரிதானே’ என்று நினைத்துவிடக் கூடாது.

மே மாதத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதும் இல்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் கொளுத்தும் வெயிலில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம்தான் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது.

கடும் உழைப்பில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

## படி 1: பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்ப் பட்டியலோடு பெற்றோரின் கைபேசி எண், பிள்ளைக்கு இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். முந்தைய நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்த பிள்ளை இன்று ஓடக் கூடாது. உடல் பருமனான பிள்ளைக்கும் பயிற்சிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல்.

தொழிற்பேட்டைப் பகுதியில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் இரவெல்லாம் புழுங்கிய பிள்ளை, காலையில் வரும்போதே களைத்திருக்கும். அம்மாவோ அப்பாவோ இரவு ஷிப்ட் என்றால் வெறும் வயிற்றோடும் வந்திருக்கலாம். ‘தூங்கினியா? சாப்பிட்டியா? தண்ணி குடிச்சியா?’ என்ற மூன்று கேள்விகளைத் தினமும் கேளுங்கள். அடுத்து, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ‘தலை சுற்றுகிறது’ என்று தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, இரண்டு கையையும் தலைமேல் வைத்தால் ‘எனக்கு முடியவில்லை’ என்று அர்த்தம் என முதல் நாளே பழக்குங்கள். இந்தச் சைகை எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

## படி 2: நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

கோடையில் காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடியுங்கள். மாலை என்றால் 5 மணிக்கு மேல். மைதானத்தில் நிழல் கட்டாயம் வேண்டும். மரம் இல்லாவிட்டால் பந்தல் போடுங்கள்.

வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது ‘டபிள்யூ.பி.ஜி.டி.’ என்ற அளவு. இதை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பள்ளிகளில் இந்த எண் சுமார் 33 டிகிரியைத் தாண்டினால் வெளியில் பயிற்சியே கிடையாது. 32-க்கும் 33-க்கும் இடையில் என்றால் ஒரு மணி நேரம் மட்டுமே. அதிலும் 20 நிமிடம் ஓய்வு. கருவி வாங்க முடியாதவர்கள், வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். வெப்ப அலை எச்சரிக்கை வந்த நாளில் ஓட்டப் பயிற்சியைக் கைவிட்டு, நிழலில் உத்திகளைச் சொல்லிக்கொடுங்கள்.

## படி 3: உடம்பைப் பழக்குங்கள்

இரண்டு மாதம் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளையை முகாமின் முதல் நாளே பத்து ரவுண்டு ஓடவிடுவதுதான் பெரும் தவறு. உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் வரை ஆகும். முதல் மூன்று நாள் அரை மணி நேரம், லேசான பயிற்சி போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இடையில் சில நாள் வராமல் போன பிள்ளைக்கும் இப்படியே குறைத்துத் தொடங்குங்கள்.

## படி 4: தண்ணீருக்கு விசில் ஊதுங்கள்

தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட்டால், விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊதி, எல்லாரையும் நிழலுக்குக் கூப்பிடுங்கள். 9 முதல் 12 வயது வரை ஒவ்வொரு இடைவேளையிலும் 100 முதல் 250 மில்லி. பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். தண்ணீர் கேனை நிழலில் வையுங்கள். வெயிலில் காய்ந்த தண்ணீரை எந்தப் பிள்ளையும் விரும்பிக் குடிக்காது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி என்றால் உப்புப் போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்க வைப்பதும் ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தாகிவிடும்.

தண்ணீரை மறுப்பது ஒருபோதும் தண்டனையாகக் கூடாது. தாமதமாக வந்ததற்காக வெயிலில் ஓடவிடுவதும் கூடாது. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

## படி 5: முகத்தைப் படியுங்கள்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அளவு மீறிய சோர்வு தெரிந்தால் உடனே நிறுத்தி நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, தண்ணீர் கொடுங்கள்.

நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா? அப்படியானால் வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பவாதம் என்பது தவறான நம்பிக்கை; ஓடி விழும் பிள்ளையின் உடம்பு பெரும்பாலும் வியர்வையில் நனைந்தே இருக்கும். ‘ஒண்ணுமில்ல மாஸ்டர், இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடிடுறேன்’ என்று பிள்ளை சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## படி 6: விழுந்துவிட்டால் முதலில் குளிர்வியுங்கள்

1. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மைதானத்தின் அடையாளத்தைச் சொல்லி, ஒரு பையனைச் சாலை முனையில் நிறுத்துங்கள்.
2. அதே நேரத்தில் பிள்ளையைத் தார்ப்பாயில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டிபோல் பிடியுங்கள். 20 லிட்டர் கேன் இரண்டைக் கவிழ்த்து, ஐஸ் கட்டிகளைப் போட்டு, தண்ணீரை அலசிக்கொண்டே இருங்கள். தலை தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும்.
3. ஐஸ் இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துணியை அடிக்கடி மாற்றுங்கள்.
4. நினைவு தடுமாறும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் வேண்டாம், இந்தச் சூட்டை அது குறைக்காது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் மனம் துடிக்கும். ஆனால் முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்விப்பதே உயிரைக் காக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

## பொறுப்பு யாருடையது?

2018 மே 29 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கால்பந்து அணியின் ஓட்டப் பயிற்சியில் ஜோர்டான் மெக்நேர் என்ற 19 வயது வீரர் நிலைகுலைந்தார். குளிர்நீரில் அவரை யாரும் இறக்கவில்லை. அறிகுறி தெரிந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகே ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஜூன் 13 அன்று அவர் இறந்தார். சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பு தங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாக ஏற்றார். தலைமைப் பயிற்சியாளர் அந்த ஆண்டே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அத்தனை வசதி இருந்த இடத்திலேயே இது நடந்தது.

நம் நாட்டிலும் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யும் வேலை அல்ல இது. ‘மாஸ்டர் பார்த்துப்பார்’ என்று நம்பித்தான் பெற்றோர் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு ஆலைக்குப் போகிறார்கள்.

நிழல், போதுமான தண்ணீர், ஐஸ் பெட்டி, தார்ப்பாய், பெற்றோரின் எண்கள் ஆகிய ஐந்தும் மைதானத்தில் தயாரான பிறகே முதல் விசிலை ஊதுங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றைய பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நாள் பயிற்சி போனால் அடுத்த நாள் ஈடுகட்டிக்கொள்ளலாம்.