தென்னந்தோப்புக்கு மினி டிராக்டர் தேவையா?

கேள்வி: இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பில் புல் வெட்ட மினி டிராக்டர் வாங்கலாமா?

பதில்: புல் வெட்ட மட்டும் என்றால் வேண்டாம். பிரஷ் கட்டரே போதும். ஆள் கிடைக்காவிட்டால் டிராக்டரை வாடகைக்கு எடுங்கள். உழவு, மருந்தடிப்பு, எரு ஏற்றுவது என ஆண்டு முழுக்க வேலை இருந்தால் 20 குதிரைத்திறன் வண்டி வாங்கலாம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் அது தாராளமாகத் திரும்பும். புல்லுக்கு ரோட்டவேட்டர் வேண்டாம், ஸ்லாஷர் மாட்டுங்கள். மரத்தைச் சுற்றி 6 அடிக்குள்தான் சத்து உறிஞ்சும் வேர்கள் அதிகம்; ரோட்டவேட்டர் அவற்றை அறுத்துவிடும். சொட்டுநீர்க் குழாய்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே மூடாக்காக விடலாம். மானியம் வேண்டுமானால், வண்டி வாங்குவதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பியுங்கள்.