மந்திரமும் மந்திரவாதமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மந்திரம் என்னும் சொல்லுக்குத் தன்னை இடைவிடாது நினைப்பவனைக் காப்பது என்று பெரியோர் பொருள் கூறுவர். உலக வழக்கிலோ இச்சொல் வேறொரு பொருளையும் பெற்றுவிட்டது. பகைவனை வீழ்த்தவும், பிறர் மனத்தை வசப்படுத்தவும், பேயை ஏவவும் ஓட்டவும் சில எழுத்துக்களையும் யந்திரத் தகடுகளையும் கையாளுகின்ற தொழிலும் மந்திரம் என்றே வழங்கப்படுகிறது. அத்தொழிலுக்கு மந்திரவாதம் என்று பெயர். இரண்டிலும் எழுத்து உண்டு; உருவேற்றுதல் உண்டு; நியமம் உண்டு; நம்பிக்கையும் உண்டு. புறத்தோற்றத்தில் ஒத்திருக்கும் இவை எங்கே பிரிகின்றன? குழந்தைக்கு நோய் கண்ட இரவிலும், தொழில் நொடித்த நாளிலும் எந்த வாசலை நாடுவது என்று தடுமாறும் அடியவனுக்கு இக்கேள்வியின் விடை இன்றியமையாதது.

கைசிகம் காட்டும் இருவர்

வராஹ புராணத்தைச் சேர்ந்த கைசிக மாஹாத்மியம் கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியை ஒட்டித் திருக்கோயில்களில் வாசிக்கப்பெறுவது. ஸ்ரீபராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார். இவ்வரலாறு திருக்குறுங்குடியில் நிகழ்ந்தது. தாழ்ந்ததென்று உலகம் கருதிய குலத்திற் பிறந்த நம்பாடுவான், ஏகாதசி இரவுகளில் விழித்திருந்து குறுங்குடி நம்பியைப் பண்ணாற் பாடி வழிபடுவதையே விரதமாகக் கொண்டிருந்தார். ஓர் இரவில் பசித்த பிரம்மராக்ஷஸன் ஒருவன் அவரை வழிமறித்தான். பாடி முடித்துத் திரும்பி வந்து உடலைத் தருவதாகப் பல சபதங்கள் செய்து விடைபெற்ற அவர், பாடினார். சொன்னபடி திரும்பவும் வந்தார்.

இங்குதான் வரலாற்றின் உட்பொருள் விளங்குகிறது. ராக்ஷஸன் உணவை மறந்தான். பாட்டின் பலனைக் கேட்டான். முதலில் முழு இரவின் பலனைக் கேட்டவன், படிப்படியாகக் குறைத்து ஒரே பாட்டின் பலனுக்கு இறங்கி வந்தான். உயிரையே கொடுக்க வந்த நம்பாடுவான் அதைப் பேரம் பேச இசையவில்லை. இறுதியில் ராக்ஷஸன் சரணம் புகுந்து தன் வரலாற்றைச் சொன்னான். முற்பிறவியில் அவன் ஸோமசர்மா என்னும் அந்தணன். பொருளாசையால் யாகம் செய்யப் புகுந்து, மந்திரமும் முறையும் பிறழ்ந்து, அது நிறைவேறுமுன் மாண்டு இப்பிறவியை அடைந்தவன். அது கேட்டு இரங்கிய நம்பாடுவான் கைசிகப் பண்ணிற் பாடிய பாட்டின் பலனை அளிக்க, அவன் சாபம் நீங்கிற்று.

இருவரையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். ஸோமசர்மா வேதம் அறிந்தவன். ஆயினும் அவனுக்கு மந்திரம் ஒரு கருவியாயிற்று. கருவியைப் பிழைபடக் கையாண்டால் அது கையாண்டவனையே வெட்டும். நம்பாடுவானுக்கோ பாட்டு ஒரு கருவியன்று. அதுவே அவர் வாழ்வு. பலனைக் கருதிப் பாடாதவராதலின் அதை விற்க அவருக்குத் தெரியவில்லை. இரக்கத்தினால் வழங்க மட்டுமே தெரிந்தது. சொன்ன சொல் தவறாமல் இருட்டில் திரும்பி நடந்தாரே, அந்த நடையும் அவர் பாட்டின் ஒரு பகுதியே.

திருமந்திரத்தின் நடுப்பதம்

எட்டெழுத்துக்களால் ஆகிய திருமந்திரம் மூன்று பதங்களை உடையது. பிரணவம், ஆத்மா எம்பெருமானுக்கே உரியது என்கிறது. நம: என்னும் நடுப்பதம், தனக்குத் தான் உரியவனல்லன் என்கிறது. நாராயணாய என்னும் பதம், அவனுக்குக் கைங்கரியம் செய்வதே பேறு என்கிறது. இவற்றையே அநந்யார்ஹ சேஷத்வம், அநந்ய சரணத்வம், அநந்ய போக்யத்வம் என்று ஆசாரியர்கள் வகுத்தருளினர்.

இவற்றுள் நடுப்பதத்தை ஆழ்ந்து நோக்கினால் மந்திரவாதம் பிரியும் இடம் புலப்படும். மந்திரவாதி, மந்திரம் என்னுடையது, அதன் சக்தி என் கையில் உள்ளது, தேவதை என் ஏவலுக்குக் கட்டுப்பட்டது என்கிறான். திருமந்திரமோ சொல்பவனையே அவனிடமிருந்து வாங்கி எம்பெருமானிடம் ஒப்படைக்கிறது. ஆதலின் பிறரை அடக்குவதற்காக ஒருவன் எட்டெழுத்தை உருவேற்றுவானாயின், அவன் நாவு சொல்லும் நம: என்ற பதத்தை அவன் நெஞ்சே மறுக்கிறது. எழுத்து எட்டும் பிழையின்றி ஒலித்தாலும் பொருள் அங்கே இல்லை.

இம்மந்திரம் ஐசுவரியம் முதலான பலன்களையும் அளிக்கவல்லது என்று பிள்ளைலோகாசாரியர் முமுக்ஷுப்படியில் அருளிச்செய்கிறாரே என்று வினவலாம். உண்மையே. எனினும் அதே நூல் சரணாகதையான திரௌபதிக்குப் புடவை சுரந்தது திருநாமத்தாலே என்றும் காட்டுகிறது. அவள் அங்கே எந்தப் பிரயோகமும் செய்யவில்லை; தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று கைகளைத் தலைமேற் கூப்பி அழைத்தாள். திருநாமம் தானே வந்து உதவிற்று.

வெறியாட்டும் அடிப்பொடியும்

சங்க இலக்கியத்தில் அகத்துறையாக வருவது வெறியாட்டு. அதனை நம்மாழ்வார் திருவாய்மொழி 4-6ஆம் பதிகத்தில் பரமனுக்கு ஆக்கிப் பாடினார். பராங்குச நாயகி மெலிந்து மயங்குகிறாள். தாயரும் உற்றாரும் கட்டுவிச்சியின் சொல்லை நம்பிக் கள்ளும் இறைச்சியும் இட்டுச் சிறுதெய்வத்தை ஆட்டுவிக்கின்றனர். தோழி தடுக்கிறாள். இந்நோய் பாரதப் போரில் தேர் நடத்திய பெருமானால் வந்தது. அவன் திருநாமமும் அவன் அடியாருடைய அடிப்பொடியுமே இதற்கு மருந்து என்கிறாள்.

பொடியைப் பூசுவதும் ஒரு பிரயோகம்தானே, கள்ளை நீக்கிப் பொடியை வைத்ததனால் என்ன வேறுபாடு என்ற ஐயம் எழக்கூடும். வெறியாட்டில் படையலைக் கொடுத்துக் காரியம் கொள்ளப்படுகிறது. கொடுப்பவர் நெஞ்சில் மாற்றம் எதுவும் வேண்டப்படுவதில்லை. அடியாருடைய அடிப்பொடியைப் பெறுவதற்கோ முதலில் தலை தாழவேண்டும். தலை தாழ்ந்த அக்கணத்திலேயே நோய்க்கு வேரான அகங்காரம் அசைகிறது. பொருளின் மாற்றத்தைவிட நிலையின் மாற்றமே இங்குப் பெரிது.

சித்தியும் உறுதியும்

திருமழிசைப்பிரானிடம் கொங்கண சித்தர் வந்து, இரும்பைப் பொன்னாக்கும் குளிகையைக் கொடுத்த வரலாறு குருபரம்பரையில் உள்ளது. ஆழ்வார் அதனை மதியாமல் தம் திருமேனியின் அழுக்கைத் திரட்டிக் கொடுக்க, அதுவே பொன்னாக்கிற்று. சித்தர் வருந்திப் பயின்றது ஆழ்வாரிடம் வேண்டாமலே கிடந்தது. கிடந்தும் அவர் அதைக் கொண்டு பொன் செய்து வாழவில்லை என்பதே கொள்ளவேண்டிய பொருள்.

வேதமே பகைவனை அழிக்கும் ச்யேன யாகத்தைக் கூறவில்லையா என்பர் சிலர். அது கொலையை விரும்பிக் கூறியதன்று. அவ்விருப்பமுடையவன் அவ்வழியிலாவது சாஸ்திரத்தை நம்பத் தொடங்கிப் பின்பு நல்வழிக்கு வருவான் என்ற கருணையினால் கூறியது என்று ஆசாரியர்கள் சமாதானம் அருளினர். தொடக்கப் படியை வீடாக்கிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

திருநாமத்தையும் சொல்லி, தாயத்தையும் கட்டிக்கொண்டால் குற்றமென்ன என்று எண்ணுவோருக்கு ஆசாரியர்கள் ஒரு திருஷ்டாந்தம் காட்டுவர். இந்திரஜித்து பிரம்மாஸ்திரத்தால் அனுமனைக் கட்டினான். அதன் பெருமையை அறியாத அரக்கர் சணற்கயிறு கொண்டு மேலும் கட்டினர். உடனே அஸ்திரம் நழுவிற்று. சரணாகதியும் அத்தகையது; துணைக்கு மற்றொரு கயிற்றைத் தேடிய இடத்தில் அது நில்லாது. நழுவுவது எம்பெருமானுடைய சினத்தால் அன்று. பற்றியவனுடைய நம்பிக்கைக் குறைவால்.

கேட்பது குற்றமோ

இதனால் துன்பத்தில் இறைவனிடம் ஒன்றும் கேட்கலாகாது என்று கொள்ளவேண்டியதில்லை. கீதை 7-16இல் துன்புற்றவனும் பொருளை விரும்புபவனும் பக்தர் நால்வருள் எண்ணப்படுகின்றனர். 7-18இல் நால்வரையுமே உதாரர் என்று கண்ணன் பாராட்டுகிறான். வேண்டுபவன் தருபவனுடைய விருப்பத்திற்கு இடம் விடுகிறான். மந்திரவாதம் அவ்விடத்தை விடுவதில்லை. இன்ன தகடு, இத்தனை உரு, இன்ன நாளில் பலன் என்று கணக்கிடுகிறது. கணக்குத் தவறினால் அடுத்த மந்திரவாதியின் வாசலுக்குத் துரத்துகிறது. அச்சமும் செலவும் பெருகுமேயன்றி அமைதி வருவதில்லை.

மருத்துவனை நாடுவது இதற்கு விரோதமன்று. உடல்நோய்க்கு மருந்து உண்பது உலகநெறி. அதனைச் சோம்பி விடுத்து மந்திரித்த நீரை மட்டும் நம்பிக் குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பதே பெரும்பிழை. குலசேகரப் பெருமாளும் வித்துவக்கோட்டம்மானைப் பாடுகையில் அறுத்தும் சுட்டும் நோய் தீர்க்கும் மருத்துவனையே உவமையாக எடுத்தார். வலி தந்தாலும் நோயாளனுக்கு அவனிடத்து அன்பு குறையாதது போலத் தம் அன்பும் குறையாது என்றார். பலன் தாமதித்தபோதும் பற்று விலகாத இந்நிலையே பக்தி.

வாழ்வாகும் மந்திரம்

பஞ்சஸம்ஸ்காரத்தில் மந்திரோபதேசம் தனித்து நிற்பதில்லை. தோளில் சங்கு சக்கரப் பொறி, நெற்றியில் திருமண், தாஸ்ய நாமம், திருவாராதனம் ஆகியவற்றோடு சேர்ந்தே அது வருகிறது. உடலும் பெயரும் அன்றாடச் செயலும் மாறினால்தான் மந்திரம் தங்கும் என்பது கருத்து. ஆகவே எட்டெழுத்தைப் பெற்றவன் ஆயிரத்தெட்டு உருவை எண்ணி முடித்ததும் கடமை தீர்ந்ததென்று எழ இயலாது. அளவையில் பொய் சொல்லாத வணிகனிடம், வேலையாளின் கூலியை நாள் கடத்தாத நிலவுடைமையாளனிடம், மாமியாரின் நோயில் முகங்கோணாத மருமகளிடம், பசித்து வந்தவனை ஜாதி கேளாமல் அமர்த்தும் இல்லத்தாரிடம் நம: என்ற பதம் ஒலியின்றி ஒலிக்கிறது.

திருவிழாக்காலத்தில் எம்பெருமான் தானே வீதிக்கு எழுந்தருளுகிறான். எவரும் அவனை உருவேற்றி வரவழைப்பதில்லை; கோயிலுக்கு வர இயலாத முதியவரும் நோயாளரும் வாசலிலேயே ஸேவிக்கவேண்டுமென்று அவனே வருகிறான். கட்டினால் வருவது பூதம். கட்டாமலே வருபவன் பெருமான். அவன் வரும் வீதியைப் பெருக்கிக் கோலமிட்டுக் காத்திருப்பதே மந்திரம் அறிந்தவர் செயலாகும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.