வெல்லும் கட்டு ஏன் வீழ்கிறது?

சீட்டுக்கட்டு என்றதும் 52 சீட்டுகளைக் கொண்ட பழைய கட்டே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டுதான் உண்டு. யாருக்கு எந்தச் சீட்டு வரும் என்பது குலுக்கலைப் பொறுத்தது. கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் சேகரிப்புச் சீட்டாட்டங்கள் இதிலிருந்து வேறுபட்டவை. இவற்றில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்குரிய கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு களத்துக்கு வருகிறார். எனவே, போட்டி களத்தில் தொடங்குவதில்லை. எந்தச் சீட்டைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று சிந்திக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

இவ்வாட்டங்களில் ஒரு விந்தை உண்டு. இன்று எல்லாரையும் வென்று புகழ் பெறும் ஒரு கட்டு, சில மாதங்களில் எவரும் விரும்பாத கட்டாகிவிடுகிறது. சில வேளைகளில் அக்கட்டிலுள்ள சீட்டுகளில் ஓர் எழுத்துக்கூட மாறியிருப்பதில்லை. அவ்வாறாயின் அதன் வலிமை எங்கே போயிற்று? ஹார்த்ஸ்டோன் என்னும் ஆட்டத்தின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

கட்டும் அதன் வகைகளும்

அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹார்த்ஸ்டோனை வெளியிட்டது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலப் பதக்கம் வென்றார்.

இவ்வாட்டத்தில் ஒரு கட்டுக்கு 30 சீட்டுகள். ஒரே சீட்டை இரு முறைக்கு மேல் சேர்த்தல் கூடாது. ‘லெஜண்டரி’ எனப்படும் அரிய சீட்டாயின் ஒருமுறை மட்டுமே சேர்க்கலாம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்தும் ஆற்றல், முதல் சுற்றில் ஒன்றாகத் தொடங்கிச் சுற்றுக்கு ஒன்றாக வளர்ந்து பத்து வரை செல்லும். எதிராளியின் உயிர்ப்புள்ளிகள் முப்பதையும் அழிப்பவர் வென்றவராவார்.

கட்டுகளைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். குறைந்த விலைச் சீட்டுகளால் தொடக்கத்திலேயே தாக்குவது விரைவுக் கட்டு. தாக்குதலைத் தாங்கி நின்று, இறுதியில் பெரிய சீட்டுகளால் வெல்வது தற்காப்புக் கட்டு. குறிப்பிட்ட சில சீட்டுகள் கைக்கு வரும்வரை காத்திருந்து, அவற்றை ஒன்றாக ஆடி ஒரே அடியில் வெல்வது இணைப்புக் கட்டு.

கல், காகிதம், கத்தரி விளையாட்டில் வெல்ல முடியாத கை என்று ஒன்று இல்லை. இங்கும் பெரும்பாலும் அதே நிலைதான். விரைவுக் கட்டின் தாக்குதலைத் தற்காப்புக் கட்டு தாங்கிவிடும். தற்காப்புக் கட்டு காத்திருக்கும் நேரத்தில் இணைப்புக் கட்டு தன் சீட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். அவை சேருமுன்னரே இணைப்புக் கட்டை விரைவுக் கட்டு வீழ்த்திவிடும். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்னும் பழமொழி இம்மூன்றுக்கும் பொருந்தும்.

மாறாத கட்டின் மாறும் வலிமை

ஒரு கணக்கு இவ்வுண்மையைத் தெளிவாக்கும். ‘அ’ என்னும் கட்டு, ‘ஆ’ என்னும் கட்டுடன் மோதும்போது நூற்றில் 60 ஆட்டங்களை வெல்வதாகவும், ‘இ’ என்னும் கட்டுடன் மோதும்போது நூற்றில் 40 ஆட்டங்களை வெல்வதாகவும் கொள்வோம்.

எதிராளிகள் நூறு பேரில் 80 பேர் ‘ஆ’ கட்டையும் 20 பேர் ‘இ’ கட்டையும் வைத்திருந்தால், ‘அ’ கட்டு வெல்லும் ஆட்டங்கள் 48 + 8 = 56. பாதிக்கு மேல் வெல்வதால் அது சிறந்த கட்டு எனப் பெயர் பெறும். சில வாரங்களில் நிலை தலைகீழாகி, 20 பேர் ‘ஆ’ கட்டையும் 80 பேர் ‘இ’ கட்டையும் ஆடத் தொடங்கினால், அதே கட்டு வெல்லும் ஆட்டங்கள் 12 + 32 = 44. கட்டில் ஒரு சீட்டும் மாறவில்லை. ஆடுபவரின் திறமையும் குறையவில்லை. எதிரே அமர்ந்திருப்போர் மாறிவிட்டனர்.

எந்தெந்தக் கட்டுகள் எந்த அளவில் ஆடப்படுகின்றன என்னும் இச்சூழலை ஆட்டக்காரர்கள் ‘மெட்டா’ என அழைப்பர். இச்சூழல் தானாக மாறுவதில்லை. வெற்றியே அதை மாற்றுகிறது. ‘அ’ கட்டு புகழ் பெற்றதும் பலரும் அதை ஆடுவர். அதனால், அதை வெல்லும் ‘இ’ கட்டை எடுப்பது எதிராளிகளுக்கு இலாபமாகும். ஆகவே, ஒரு கட்டின் வெற்றி அதன் பகையையும் சேர்த்தே வளர்க்கிறது.

கடற்கொள்ளையர் கட்டு

2016ஆம் ஆண்டு டிசம்பரில் ஹார்த்ஸ்டோனில் ‘பேட்சஸ்’ என்னும் கடற்கொள்ளையர் சீட்டு வந்தது. கையிலிருந்து வேறொரு கடற்கொள்ளையர் சீட்டை ஆடினால் போதும். கட்டுக்குள் இருக்கும் பேட்சஸ் விலையின்றித் தானே களத்தில் குதிக்கும். பொதுவாக ஒரு வீரர் களமிறங்கிய சுற்றில் தாக்க இயலாது. பேட்சஸோ வந்த உடனேயே தாக்கும். இதனால் விரைவுக் கட்டுகள் பலவும் கடற்கொள்ளையரால் நிரம்பின.

இதன் வீழ்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. 2017 பிப்ரவரியில், இக்கட்டுகளில் இடம்பெற்ற மற்றொரு கடற்கொள்ளையர் சீட்டின் உயிர்ப்புள்ளியை நிறுவனம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ‘கோலக்கா கிராலர்’ என்னும் நண்டுச் சீட்டு வந்தது. அது களமிறங்கும்போது கடற்கொள்ளையர் ஒருவரை அழித்துத் தானும் வலுப்பெறும். கடற்கொள்ளையர் இல்லாத களத்தில் இந்நண்டு மிகச் சாதாரணமான சீட்டு. அவர்கள் நிறைந்த களத்திலோ விலைமதிப்பற்றது. இவ்வளவுக்குப் பின்னும் பேட்சஸ் ஆட்டத்தில் நிலைத்தது. 2018 பிப்ரவரியில், வந்த உடனேயே தாக்கும் அதன் திறன் நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அச்சீட்டு முதன்மை ஆட்ட முறையிலிருந்தே வெளியேறியது.

இறுதியாக நிகழ்ந்த வெளியேற்றம் தண்டனையன்று, காலத்தின் முறை. 2016 ஏப்ரலில் ‘ஸ்டாண்டர்டு’, ‘வைல்டு’ என இரு முறைகள் ஏற்படுத்தப்பட்டன. முதல் முறையில் அடிப்படைச் சீட்டுகளோடு, நடப்பு ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் வெளிவந்த சீட்டுகளுக்கே இடம் அளிக்கப்பட்டது. இரண்டாம் முறையில் பழைய சீட்டுகளையும் ஆடலாம். பழையன கழிந்தால்தான் புதிய சீட்டுகளுக்கு வேலை இருக்கும். புதிதாகச் சேர்ந்தவரும் பல ஆண்டுச் சீட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரே மாற்றத்தில் சாய்ந்த கட்டு

சில கட்டுகள் மெல்லத் தளர்வதில்லை. ஒரே நாளில் சாய்கின்றன. 2015 ஏப்ரலில் ‘கிரிம் பேட்ரன்’ என்னும் சீட்டு வெளிவந்தது. இவ்வீரர் அடிபட்டும் உயிர் பிழைத்தால், அவரைப் போன்ற மற்றொரு வீரர் களத்தில் தோன்றுவார். ஏற்கெனவே இருந்த ‘வார்சாங் கமாண்டர்’ என்னும் சீட்டு, மூன்றுக்கு மிகாத தாக்கு வலிமையுடைய வீரர்களுக்கு, வந்த உடனேயே தாக்கும் திறனை அளித்தது. கிரிம் பேட்ரனின் தாக்கு வலிமை சரியாக மூன்று. இரண்டும் சேர்ந்தபோது, ஒருவர் தாக்கி அடிபட, இன்னொருவர் தோன்றித் தாக்க, வெறுங்களம் ஒரே சுற்றில் படைக்களமாயிற்று.

2015 அக்டோபரில் நிறுவனம் வார்சாங் கமாண்டரின் திறனையே மாற்றியது. ஏற்கெனவே உடனே தாக்கும் திறனுடைய வீரர்களுக்குத் தாக்கு வலிமை ஒன்று கூடும் என்பதே புதிய விதி. கிரிம் பேட்ரனில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும், அதைத் தாங்கி நின்ற துணை போனதால் அக்கட்டு சாய்ந்தது. பழைய விதி, வருங்காலச் சீட்டுகளை வடிவமைக்கத் தடையாக இருந்தது என்பது நிறுவனம் கூறிய காரணங்களுள் ஒன்று.

இது கணினி ஆட்டத்துக்கே உரிய இயல்பு. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய ‘மேஜிக்’ என்னும் ஆட்டத்தின் சீட்டுகள் அச்சிடப்பட்டவை. வீடுதோறும் சென்றுவிட்ட சீட்டின் எழுத்தை அழித்து எழுத இயலாது. மிகுந்த வலிமை கொண்ட சீட்டைப் போட்டிகளில் தடை செய்வதே அங்கு வழக்கமான வழி. கணினியிலோ, ஒரே நாளில் எல்லாருடைய சீட்டையும் மாற்றிவிடலாம்.

வென்றும் வெறுக்கப்பட்டவை

தோற்றால்தான் ஒரு கட்டு விலக்கப்படும் என்பதில்லை. 2018 ஏப்ரலில் ‘பாக்கு’, ‘கென்’ என இரு சீட்டுகள் வந்தன. கட்டிலுள்ள சீட்டுகளின் விலை அனைத்தும் ஒற்றைப்படை எண்களாக இருந்தால், பாக்கு அக்கட்டின் தலைவருக்குரிய தனித்திறனை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே உயர்த்தும். அனைத்தும் இரட்டைப்படை எண்களாக இருந்தால், கென் அத்தனித்திறனின் விலையைக் குறைக்கும். இப்பயன் ஒவ்வோர் ஆட்டத்திலும் தவறாமல் கிடைத்தது. அதனால் ஆட்டங்கள் ஒன்றுபோலவே நடந்தன. எதிர்பாராத திருப்பம் குறைந்து சலிப்பு மிகுந்தது. முறைப்படி வெளியேற வேண்டிய காலத்துக்கு ஓராண்டு முன்னதாக, 2019 ஏப்ரலிலேயே, இரண்டும் முதன்மை முறையிலிருந்து நீக்கப்பட்டன. எதிரே இருப்பவருக்கும் இன்பம் தருவதே விளையாட்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பார்த்து எழுதியவரின் இழப்பு

ஒரு கட்டு வீழும்போது அதிகம் இழப்பவர் யார்? அதை உருவாக்கியவர் அல்லர். புகழின் உச்சியில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டவரே. ஹார்த்ஸ்டோனில் இல்லாத சீட்டை உருவாக்க ‘மாயத்தூள்’ தேவை. ஒரு லெஜண்டரி சீட்டை உருவாக்க 1600 தூள் செலவாகும். அதே சீட்டை உடைத்தால் 400 தூள்தான் திரும்பக் கிடைக்கும். நான்கில் மூன்று பங்கு போய்விடும். ஒரு சீட்டின் வலிமையை நிறுவனம் குறைத்தால், குறிப்பிட்ட நாள்களுக்குள் அதை உடைப்பவர்க்கு முழுத் தூளும் தரப்படுவது வழக்கம். ஆனால், அச்சீட்டைத் துணையாகக் கொண்ட மற்றச் சீட்டுகளுக்கு அவ்வுரிமை இல்லை. தூளைச் சேர்க்கப் பல நாள் ஆடவேண்டும். அல்லது பெற்றோரின் பணத்தைச் செலவிட வேண்டும். எவ்வாறாயினும் அந்த இழப்பு உண்மையானது.

காரணம் அறிந்து ஆடியவருக்கு இழப்பு குறைவு. இக்கட்டு எதனால் வெல்கிறது, எந்தக் கட்டு இதை வெல்லும், இதன் சீட்டுகள் இன்னும் எத்தனை மாதம் முதன்மை முறையில் இருக்கும், ஒரே சீட்டை நம்பி மற்றவை நிற்கின்றனவா என்னும் நான்கு வினாக்களுக்கு அவர் விடை தேடியிருப்பார். கட்டு சாயுமுன் அதன் அறிகுறிகள் அவருக்குத் தெரிந்துவிடும். சாய்ந்த பின்னும் அந்த அறிவு அவருடனேயே இருக்கும். சீட்டை மாற்றும் நிறுவனத்தால் அவ்வறிவை மாற்ற முடியாது; அடுத்த கட்டை அமைக்க அதுவே முதலாகும்.

சொற்பொருள்

விந்தை – வியப்பு
எதிராளி – எதிர்த்து ஆடுபவர்
சாய்தல் – நிலை குலைந்து விழுதல்
சலிப்பு – ஆர்வம் குன்றிய நிலை
அறிகுறி – அடையாளம்
முதல் – மூலப்பொருள்

பயிற்சி

I. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. குறிப்பிட்ட சீட்டுகள் சேரும்வரை காத்திருக்கும் கட்டு
அ) விரைவுக் கட்டு  ஆ) தற்காப்புக் கட்டு  இ) இணைப்புக் கட்டு

2. கிரிம் பேட்ரன் கட்டு சாய்வதற்குக் காரணமாக மாற்றப்பட்ட சீட்டு
அ) பேட்சஸ்  ஆ) வார்சாங் கமாண்டர்  இ) கோலக்கா கிராலர்

II. பிரித்து எழுதுக.

1. சீட்டாட்டம்  2. இவ்வுண்மை  3. வெறுங்களம்

III. கணக்கிட்டு எழுதுக.

பாடத்திலுள்ள கணக்கில், எதிராளிகளுள் 50 பேர் ‘ஆ’ கட்டையும் 50 பேர் ‘இ’ கட்டையும் வைத்திருந்தால், ‘அ’ கட்டு எத்தனை ஆட்டங்களை வெல்லும்? அதைச் சிறந்த கட்டு எனக் கூறலாமா?

IV. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நண்டுச் சீட்டின் மதிப்பு களத்துக்குக் களம் மாறுவது ஏன்?
2. அச்சிட்ட சீட்டுக்கும் கணினிச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. வென்றுகொண்டிருந்த பாக்கு, கென் சீட்டுகள் நீக்கப்பட்டது ஏன்?

V. சிந்தித்து எழுதுக.

ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் பல, புலிகள் சில. இரு தரப்பும் சம வலிமை உடையனவா? வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஆடிப் பார்த்து, பத்து வரிகளில் எழுதுக.