பாட்டியின் பாட்டைத் தொகுக்க எந்த மென்பொருள்?



நம்ம மலையில் பாட்டிகள் பாடுகிற பாட்டு நிறைய புத்தகத்தில் கிடையாது. அவங்க வாயில்தான் இருக்கு. பாடத் தெரிந்தவர் போய்விட்டால் பாட்டும் போய்விடும். அதனால் செல்போனில் பதிவு செய்கிறோம். அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய ஒலித்தொகுப்பு மென்பொருள் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? நான்கு கேள்வி கேளுங்கள்.

1. காசு கேட்குமா? அடோபி ஆடிஷனுக்குச் சந்தா கட்டணும். ஆடாசிட்டி இலவசம்.

2. நம் கணினியில் ஓடுமா? கராஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். ஆடாசிட்டி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

3. நெட் இல்லாமல் வேலை செய்யுமா? ஆடாசிட்டியை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். டவர் கிடைக்காத ஊரிலும் கவலை இல்லை.

4. நமக்கு வேண்டியதைச் செய்யுமா? வெட்டலாம், ஒட்டலாம், சத்தம் கூட்டலாம், இரைச்சல் குறைக்கலாம்.

ஆகவே என் தேர்வு ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் 1999-இல் தொடங்கியது. 2000-இல் வெளிவந்தது.

இரைச்சல் குறைப்பது எப்படி?

பாட்டு தொடங்கும் முன் ஐந்து விநாடி சும்மா பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதியைக் காட்டி, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குச் சொல்லணும். பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து அதைக் குறைக்கலாம். ஆனால் ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீரான இரைச்சல்தான் குறையும். பாட்டு நடுவே சேவல் கூவினால் ஒன்றும் செய்ய முடியாது! ரொம்பக் குறைத்தால் பாட்டியின் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போல ஆகிவிடும். விண்மீன் பார்க்க நம்ம காவலூரில் இருட்டான இடம் தேடினார்கள் அல்லவா? அதுபோல நாமும் அமைதியான இடம் தேடணும்.

எப்படிச் சேமிப்பது?

'சேவ்' கொடுத்தால் ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். செல்போனில் கேட்க 'எக்ஸ்போர்ட்' கொடுக்கணும். ஒரு நிமிடப் பாட்டு, மோனோ வேவ் கோப்பாக இருந்தால் சுமார் 5 எம்.பி. சாதாரண எம்பி3 என்றால் சுமார் 1 எம்.பி. ஆனால் எம்பி3 ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். அதனால் அனுப்ப எம்பி3, பாதுகாக்க வேவ்.

வெட்டாத மூலப் பதிவை அழிக்கவே கூடாது. இன்று தேவையில்லை என்று நாம் வெட்டுகிற பேச்சில்தான் பாட்டின் அர்த்தம் இருக்கலாம்.

மென்பொருள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். பாட்டி அப்படி இல்லை. இந்த விடுமுறையில் அவங்களிடம் அனுமதி கேட்டு, ஆளுக்கு ஒரு பாட்டுப் பதிவு செய்வோமா?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி